மதுரை கன்ட்ரோல் பேசுகிறது

மதுரை எஸ்.எஸ். காலனியில் இருக்கும் அந்த வீட்டு ஹாலில் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை ஒன்று உண்டு. 2020 மார்ச் கடைசியில் இருந்து ஒன்றரை வருடத்துக்கு அதில் யாரும் சாப்பிடவில்லை. மேஜையின் ஒரு முனை மருமகளின் ஆபீஸ். ஜூன் மாதம் மறுமுனையில் பேத்தியின் இரண்டாம் வகுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மகன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் ஆபீஸை அங்கே நடத்தினான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்.

பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று, ஊரடங்குக்கு நான்கு நாள் முன்னால், சென்னையில் இருந்து இரண்டு பைகளோடு வந்தவர்கள். மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசி முடித்ததும், “சார்ஜர் எடுத்துட்டு வந்தியா?” என்றுதான் கணவன் முதலில் கேட்டான். நல்லவேளை, கொண்டுவந்திருந்தாள்.

அவளுக்கு டீம் லீட் வேலை. பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனம். ஏழு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த டீம், ஒரே வாரத்தில் கோயம்புத்தூர், வேலூர், நாகர்கோவில், பாலக்காடு என்று சிதறிப்போனது. ஜூலையில் கல்லூரி முடித்த இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருத்தி திருச்சி, ஒருவன் ராஜபாளையம். இரண்டு பேருக்கும் லேப்டாப் கூரியரில்தான் போனது. ஆபீஸ் வாசல் எந்தப் பக்கம் என்றுகூட இருவருக்கும் தெரியாது.

ஹாலின் ஜன்னலோரத்து ஈஸிசேரில் மாமனார். ரயில்வேயில் 34 வருடம் இருந்துவிட்டு 2008-ல் ரிட்டயர் ஆனவர். காலை பேப்பரை மாலை வரை படிப்பார். மருமகளின் மீட்டிங்குகள் அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் மேஜையின் மறுமுனையில் குழந்தை “மிஸ், என் வாய்ஸ் கேக்குதா?” என்று கத்தும்போது ஹெட்போனுக்குள் இருந்தால் வீடு தலைகீழாகிவிடும். அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

வெளியில் இருந்து பார்த்தால் டீம் நன்றாகத்தான் ஓடியது. காலை பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப், மாலை ஆறு மணிக்கு இன்னொன்று. பத்து மணிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே தடை என்று ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். எல்லோரும் கேமராவை ஆன் செய்ய வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். முகம் பார்த்தால்தான் மனசு தெரியும் என்று நம்பினாள். சாட் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் பச்சைப் புள்ளியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வாள். மதியம் மூன்று மணிக்கு யாருடைய புள்ளியாவது மஞ்சளாக மாறினால் மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது யார் எத்தனை முறை டீ குடிக்கப் போனார்கள் என்று எண்ணியவள் இல்லை அவள். தூரம் அவளை அப்படி ஆக்கியிருந்தது.

ராஜபாளையத்துப் பையன்தான் கவலை. நேர்முகத் தேர்வில் பளிச்சென்று பதில் சொன்னவன். சேர்ந்த பிறகு மூன்று நாள் வேலைக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டான். கூட்டத்தில் கேட்டால், “பண்ணிட்டிருக்கேன் மேடம். பிளாக்கர்ஸ் எதுவும் இல்ல” என்பான். அவன் அனுப்பிய ஒரு கோடுக்கு அவள் 34 குறிப்புகள் எழுதினாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். அவன் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தான். இன்னும் ஆறு நாள் போனது.

நவம்பர் கடைசியில் மேனேஜர் போன் செய்தார். ஜனவரியில் புதியவர்களின் ஆறு மாத ப்ரொபேஷன் முடிகிறது, நிரந்தரமா இல்லையா என்று படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். “பட்ஜெட் டைட். சந்தேகமா இருக்கறவங்களை இழுத்துட்டுப் போக வேண்டாம்” என்றார். போனை வைத்தபோது அவள் மனதில் ஒரு பெயர் முடிவாகியிருந்தது.

அன்று மாலைக் கூட்டம் முடிந்ததும் மாமனார் பேப்பரைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, உன் ராஜபாளையம் இன்னிக்கும் ஓகே மேடம்னு மட்டும்தான சொன்னான்?”

“ஆமா மாமா. கேட்டா எல்லாம் சரியா இருக்குங்கறான்.”

“எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ற ஸ்டேஷன்தாம்மா எங்களுக்குப் பயம்.”

டீமில் இருப்பவர்களை ஊர்ப் பெயரால் கூப்பிடுவது அவர் பழக்கம். பெயர் தெரியாமல் இல்லை. செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்தவர்களின் வாய் அப்படித்தான் பழகியிருக்கும்.

அந்த வேலை என்ன என்று மருமகளுக்கே பத்து வருடமாகச் சரியாகத் தெரியாது. “ரயில்வேல ஆபீஸர்” என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் ஆபீஸரும் இல்லை, ரயிலில் ஏறி வேலை பார்த்தவரும் இல்லை. மதுரை கோட்டத்தின் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து போனில் பேசியவர். திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் என்று வரிசையாக இருக்கும் ஸ்டேஷன்கள் எல்லாம் ஒரே கன்ட்ரோல் லைனில் இருக்கும். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்லச் சொல்ல, கன்ட்ரோலர் தன் முன்னால் விரித்திருக்கும் சார்ட்டில் கோடு போட்டுக்கொண்டே வருவார். அந்த நாளில் அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் எந்த ஸ்டேஷனில் ஒன்றையொன்று தாண்ட வேண்டும் என்று முடிவு செய்வது அவர். ஒரு வண்டியைக்கூடக் கண்ணால் பார்க்க மாட்டார். பேசுகிறவர்களில் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. “கடம்பூர்… மதுரை கன்ட்ரோல் பேசறேன்” என்று ஆரம்பித்தால் அந்த முனையில் வரும் முதல் “சார்” என்ற சொல்லிலேயே, ஆள் தூக்கத்தில் இருக்கிறாரா, வீட்டில் சண்டையா, ஜுரமா என்று தெரிந்துவிடுமாம்.

“முகத்தைப் பாக்காம எப்படி மாமா வேலை வாங்கினீங்க?”

“முகத்தைப் பாத்து எதுக்கும்மா? கோட்டைப் பாத்தோம்.”

பேத்தியின் கணக்கு நோட்டை வாங்கி வரைந்து காட்டினார். மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள். இடமிருந்து வலமாக நேரம். ஓடுகிற வண்டி சாய்கோடாகப் போகும். வேகமான வண்டிக்குக் கோடு செங்குத்தாக நிமிரும். வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றுவிட்டால் நேரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், அதனால் கோடு படுத்துவிடும்.

“கோடு படுத்துச்சுன்னா ஏதோ ஒண்ணு நடக்குது. ஸ்டேஷன் மாஸ்டர் வாயில என்ன சொன்னாலும் சரி, கோடு பொய் சொல்லாது. உன்கிட்ட அந்த மாதிரி ஒண்ணு இருக்கா?”

இருந்தது. எல்லா ஐ.டி. டீமிலும் இருக்கிற டிக்கெட் போர்டுதான். தினமும் பார்ப்பதுதான். அன்று இரவு அதை வேறு விதமாகப் பார்த்தாள். ராஜபாளையத்தின் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தத் தேதியில் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தது என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். எழுதுகிற வேலையில் அவன் கோடு மற்றவர்களுடையதைப் போலவே சாய்ந்து ஓடியது. சில இடத்தில் கோயம்புத்தூர் சீனியரை விட வேகம். ஒவ்வொரு முறையும் டெஸ்டிங் என்ற ஒரே இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. நான்கு மாதமாக, தவறாமல், அதே இடத்தில்.

பச்சைப் புள்ளியையும் முகத்தையும் அத்தனை நாள் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை.

மறுநாள் கேட்டுவிடலாம் என்று கிளம்பியவளை மாமனார்தான் நிறுத்தினார். “எங்க வெச்சுக் கேக்கப்போற? பத்து மணிக் கூட்டத்துலயா?” என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். எந்த ஸ்டேஷன், யார் என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. நாற்பது வருடம் ஆன பிறகும் சொல்லவில்லை.

மழை இரவு. சின்ன ஸ்டேஷன். புதிதாக வந்த உதவி ஸ்டேஷன் மாஸ்டர், தனியாகப் பார்க்கும் இரண்டாவதோ மூன்றாவதோ நைட் டூட்டி. ஒரு கூட்ஸ் வண்டி வெளி சிக்னலில் வந்து நிற்கிறது. உள்ளே எடுக்க முடியவில்லை. கேட்டால், “பாயின்ட் செட் ஆகல சார், பாத்துட்டிருக்கோம்” என்கிறான். பத்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். இருபது நிமிடம், முப்பது நிமிடம். பின்னால் வரும் எக்ஸ்பிரஸை எங்கே நிறுத்துவது என்று இவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். பாயின்ட் சேராவிட்டால் அதை கிளாம்ப் போட்டுப் பூட்டி, கைசிக்னல் காட்டி வண்டியை உள்ளே எடுக்க முறை இருக்கிறது. பையன் பயிற்சியில் படித்திருப்பான். கையால் செய்ததில்லை. கேட்கவும் முடியவில்லை. ஏனென்றால் கன்ட்ரோல் லைனில் கேட்டால் அந்த செக்‌ஷனில் போனைத் தூக்கி வைத்திருக்கும் அத்தனை ஸ்டேஷன் காதிலும் விழும். காலையில் மதுரை வரைக்கும் கதை போய்விடும்.

“நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவனைத் திட்டல, கேக்கவும் இல்ல. பக்கத்து ஸ்டேஷன்ல வயசான மாஸ்டர் ஒருத்தர் இருந்தாரு. அவரைக் கூப்பிட்டு, ‘அண்ணே, பிளாக் போன்ல தம்பிகிட்டப் பேசுங்க’ன்னேன். அவ்வளவுதான்.”

பிளாக் போன் என்பது அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் மட்டும் இருப்பது. ஒற்றைப் பாதையில் வண்டியை அனுப்பலாமா என்று இரண்டு பேரும் கேட்டுச் சொல்லிக்கொள்கிற லைன். அதில் பேசுவது கன்ட்ரோலருக்கும் கேட்காது, மற்ற ஸ்டேஷன்களுக்கும் கேட்காது. கால் மணி நேரத்தில் வண்டி உள்ளே வந்தது. பெரியவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று அவர் கேட்கவும் இல்லை.

அவள் ராஜபாளையத்துக்கு வீடியோ இல்லாமல், சாதாரண போனில், சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூப்பிட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசினாள். அவனும் மாடிக்கு வந்திருந்தான் போலிருக்கிறது, காற்று இரைந்தது. முதல் பத்து நிமிடம் அவன் அம்மாவின் கடை, சிக்னல், மழை என்று போனது. பிறகு அவள் டிக்கெட் கோட்டைப் பற்றிச் சொன்னாள். “நீ எழுதறது வேகமாத்தான் இருக்குப்பா. டெஸ்டிங்ல மட்டும் ஏன் நிக்குது?”

கொஞ்ச நேரம் காற்று மட்டும்தான் கேட்டது.

“எனக்கு டெஸ்ட் சர்வர் ஆக்சஸ் இல்ல மேடம்.”

சேர்ந்த இரண்டாவது வாரம் குரூப்பில் கேட்டிருக்கிறான். யாரோ ஒருவர், “டாக்குமென்ட்லயே இருக்கே, பாருங்க” என்று பதில் போட்டிருக்கிறார். அந்தப் பதிலுக்கு மூன்று கட்டைவிரல். டாக்குமென்ட்டில் சொல்லியபடி விண்ணப்பம் போட்டான். பென்டிங் என்று காட்டியது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அதற்குப் பிறகு கேட்க நாக்கு வரவில்லை. “ரெண்டு மாசம் ஆச்சு, இத்தனை நாள் இது இல்லாமலா வேலை பாத்தேன்னு கேப்பாங்கன்னு…” அவன் எழுதுவதைத் திருச்சிப் பெண்ணுக்கு அனுப்புவான். அவள் தன் வேலையை முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் தன் கணக்கில் ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வாள். ஒரு தப்பைக் கண்டுபிடிக்க ஒரு நாள். பத்து தப்பு இருந்தால் பத்து நாள். அந்தப் பெண்ணும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கீழே வந்து தன் மெயிலைத் தேடினாள். இருந்தது. ஜூலை 24, அவளுடைய ஒப்புதலுக்காக, படிக்கப்படாத நானூற்றுச் சொச்சம் மெயில்களுக்கு நடுவில். ஒரு பட்டனைத் தட்டினால் முடியும் வேலை. குரூப்பையும் பின்னால் தள்ளித் தேடிப்பார்த்தாள். “டாக்குமென்ட்லயே இருக்கே” என்ற பதிலுக்கு விழுந்திருந்த மூன்று கட்டைவிரல்களில் ஒன்று அவளுடையது.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அத்தை காரணம் கேட்கவில்லை, சுக்குக் காபி மட்டும் போட்டுவந்து மேஜையில் வைத்தார்.

பெருங்குடியில் இது நடந்திருக்குமா என்று அவள் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். நடந்திருக்காது. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, “என்னடா, இன்னும் ஆக்சஸ் வரலியா? அக்காகிட்ட சொல்லு, அங்கதான் உக்காந்திருக்காங்க” என்றிருப்பார். இரண்டு நிமிட வேலை. ஆபீஸில் கற்றுக்கொடுப்பது என்று தனியாக ஒன்றும் நடப்பதில்லை. எட்டிப் பார்ப்பதிலும், ஒட்டுக்கேட்பதிலும், டீ குடிக்கப் போகும் வழியிலும் தானாக நடக்கும். அவரவர் வீட்டில் உட்கார்ந்த பிறகு அதை யாராவது ஒருவர் வேலை மெனக்கெட்டு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலாய்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களைக் கவனித்தார்கள். ஒரே கட்டடத்தில் டீமோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அவர்கள் எழுதும் கோடுக்கு மற்றவர்களிடமிருந்து கூடுதலாகக் கருத்துகள் வந்தன. இளையவர்களுக்கும் பெண்களுக்கும் அதனால் அதிகப் பலன். கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் சீனியர்களின் சொந்த வேலை குறைகிறது. கற்றுக்கொடுப்பது இலவசம் இல்லை, யாரோ ஒருவர் தன் நேரத்தில் இருந்து எடுத்துத்தான் கொடுக்கிறார்.

அந்த இரண்டாவது விஷயத்தில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

டிசம்பர் முதல் வாரம் டீமில் ‘பக்கத்து ஸ்டேஷன்’ ஏற்பாடு வந்தது. புதியவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சீனியர். தினமும் அரை மணி நேரம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளலாம். என்ன பேசினார்கள் என்று லீட் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள், அதைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ராஜபாளையத்துக்குக் கோயம்புத்தூர். அந்தப் பெண் டீமிலேயே கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். மூன்றாவது வாரம் போன் செய்து நேராகவே கேட்டாள்.

“போன மாசம் நான் ஒம்பது டிக்கெட் முடிச்சேன். இந்த மாசம் அஞ்சுதான். அந்தப் பையன் நல்லா வர்றான், சந்தோஷம். ஆனா அப்ரைசல் ஃபார்ம்ல ‘நல்லா சொல்லிக்கொடுத்தாங்க’ன்னு ஒரு காலம் இருக்கா? ஏப்ரல்ல என்னைப் பாத்து, ஏன் ஸ்லோ ஆயிட்டேன்னு கேப்பீங்க.”

நியாயமான கேள்வி. படிவத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. மேனேஜரிடம் கேட்டாள், புதுசாக ஒன்றைச் சேர்க்க முடியாது என்றார். அதனால் கோயம்புத்தூரின் இரண்டு டிக்கெட்டைத் தான் எடுத்துக்கொண்டாள். மாத அறிக்கையில் ராஜபாளையம் முடித்த ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பக்கத்தில் கோயம்புத்தூரின் பெயரையும் சேர்த்து எழுதினாள். ஒருவர் வேலைக்கு இரண்டு பெயர் எப்படி என்று மேலே இருந்து கேள்வி வந்தது. இரண்டு பேர் செய்த வேலை என்று பதில் எழுதினாள். அடுத்த மாதமும் கேட்டார்கள், அதே பதில். மூன்றாவது மாதம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மாமனாரிடம் இருந்து அவள் எடுத்துக்கொண்ட இன்னொன்று முதலில் படுதோல்வி. ரயில்வேயில் ஒரு உத்தரவைச் சொன்னால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதோடு முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் கேட்மேனிடம் கேட்டை மூடச் சொன்னால், கேட்மேன் மூடிவிட்டுத் தன்னிடம் இருக்கும் தாளில் இருந்து ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்வார். இவர் அதைக் குறித்துக்கொள்வார். ஒரு நம்பரை ஒரு தடவைதான் சொல்லலாம், சொன்னதும் அடித்துவிட வேண்டும். அவள் இதைக் கேட்டுவிட்டு, வேலை கொடுத்ததும் புரிந்ததை மூன்று வரியில் எழுதி அனுப்ப வேண்டும் என்று புது விதி போட்டாள். முதல் வாரம் எல்லோரும் எழுதினார்கள். இரண்டாவது வாரம் அவள் அனுப்பியதையே வெட்டி ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். பாலக்காட்டுக்காரர் ஒரு நாள் முந்தைய வாரத்து மூன்று வரியையே அனுப்பிவிட்டார்.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த நம்பர் வரிசையா இருக்காதும்மா. 47 இருக்கும், அடுத்தது 12 இருக்கும். ஊகிச்சுச் சொல்ல முடியாது, அதுக்குத்தான் அது. நீ கேக்கறது ஊகிச்சுச் சொல்ற மாதிரி இருக்கு.”

அதற்குப் பிறகு மூன்று வரி போனது, ஒரு கேள்வி வந்தது: “இது எந்த இடத்துல உடையும்னு நினைக்கறீங்க?” வெட்டி ஒட்ட முடியாத கேள்வி. வேலையைப் புரிந்துகொண்டவர்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். புரியாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார், ஒன்பது நாள் கழித்து இல்லை.

கேமரா சட்டத்தையும் எடுத்துவிட்டாள். அடுத்த பிப்ரவரியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்ஸன் வீடியோ கூட்டங்கள் ஏன் ஆளைச் சோர்வாக்குகின்றன என்று எழுதிய கட்டுரையைப் படித்தாள். அத்தனை முகங்கள் அத்தனை கிட்டத்தில் நம்மையே பார்ப்பது, நாள் முழுவதும் நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே இடத்தில் உட்கார்வது என்று அவர் காரணங்களை அடுக்கியிருந்தார். “இதுக்கு ஒரு புரொபசர் வேணுமா?” என்றார் அத்தை, பேத்தி வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே.

இதற்கு நடுவில் அந்தப் படிவம். ஜனவரி 8-க்குள் அனுப்ப வேண்டும். ஆக்சஸ் கிடைத்த ஆறு வாரத்தில் பையன் மற்றவர்களுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தான். ஆனால் படிவம் ஆறு வாரத்தைக் கேட்கவில்லை, ஆறு மாதத்தைக் கேட்டது. எண்கள் அவனுக்கு எதிராக இருந்தன.

கண்ணில் படாதவர்கள் கணக்கில் படுவதில்லை என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2010-11-ல் ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால்சென்டரில், விருப்பம் தெரிவித்தவர்களில் ஒரு பாதியை ஒன்பது மாதம் வீட்டில் இருந்து வேலை செய்யவிட்டுப் பார்த்தார்கள் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்தும் அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்தது. வேலையைக் கூட்டிக் கொடுத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆபீஸ் வாசலைக்கூடப் பார்க்காத பையனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: “டெஸ்ட் சர்வர் அனுமதிக்கான விண்ணப்பம் ஜூலை 24 முதல் என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. நான் பார்த்தது நவம்பர் 27. இந்தக் காலத்துத் தாமதம் என்னுடையது.” அனுப்புவதற்கு முன்னால் கணவனிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான். “உன் அப்ரைசல்ல அடிப்பாங்க. ‘நிர்வாகக் காரணம்’னு போட்டா போதாதா?” என்றான். போதும்தான். அப்படிப் போட்டால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நிர்வாகக் காரணம் என்பது யாருடைய காரணமும் இல்லை. பையனின் எண்கள் மட்டும் அப்படியே நிற்கும். மாற்றாமல் அனுப்பினாள்.

மேனேஜர் அரை மணி நேரம் பேசினார். பையனின் ப்ரொபேஷன் இரண்டு மாதம் நீண்டு, மார்ச்சில் நிரந்தரமானது. அந்த வருடம் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோயம்புத்தூருக்கு வந்தது. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

இப்போதும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. நாகர்கோவில்காரர் இரண்டாவது அலையில் அப்பாவை இழந்துவிட்டு, நான்காம் நாளே பத்து மணிக் கூட்டத்துக்கு வந்து, “நோ பிளாக்கர்ஸ்” என்றார். அவருடைய வேலைக் கோடு சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோடு காட்டாதவையும் இருக்கின்றன. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. மாமனாராக இருந்தால் முதல் வார்த்தையிலேயே பிடித்திருப்பார். அவருக்கு 34 வருடப் பழக்கம்.

2022 தையில் மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த ராஜபாளையத்துப் பையன், முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவள் கடைக்குப் போயிருந்தாள். கேட்டில் நின்று, “மேடம் இருக்காங்களா?” என்று அவன் கேட்டது உள்ளே ஈஸிசேரில் இருந்தவர் காதில் விழுந்தது. ஜன்னல் திரை மூடியிருந்ததால் ஆளைப் பார்க்க முடியவில்லை.

“ராஜபாளையமா? உள்ள வாங்க தம்பி, கேட் திறந்துதான் இருக்கு. செங்கோட்டை பாசஞ்சர்லயா வந்தீங்க? வண்டி ரைட் டயமா?”